'சும்மாதான் இருக்கேன்': வேலையில்லாத ஆணின் நாளும் பெண்ணின் நாளும்

வேலை போய் நாலு மாதமான ஒருவரிடம் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டால், ஆணானாலும் பெண்ணானாலும் வாயில் வருகிற பதில் ஒன்றுதான்: "சும்மாதான் இருக்கேன்." அதோடு விடாமல், "நேத்து விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து சொல்லுங்க" என்று அரைமணி அரைமணியாகக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டே போனால், அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு நாட்கள் இருப்பது தெரியவரும். ஆணின் தாளில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே எழுத ஒன்றும் அகப்படாது. "வெளிய போனேன், வந்தேன்" என்று முடித்துவிடுவார். பெண்ணின் தாளில் அதே மூன்று மணி நேரத்துக்குக் கட்டம் போதாது. ஆனாலும் அவரும் 'சும்மா' என்றுதான் சொன்னார்.

வேலை போகும்போது ஆணிடமிருந்து போவது நாளின் ஒழுங்கு. பெண்ணிடமிருந்து போவது நாளுக்கு இருந்த வேலி. ஒன்பது மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற காரணம் இருந்தவரை அந்த எட்டு மணி நேரத்துக்குள் வீடு நுழைய முடியாது. காரணம் போன மறுநாளே வீடு உள்ளே வந்துவிடும். அப்புறம் வேலை தேடக்கூட நேரம் கிடைக்காது. தேடாததால் 'வேலையில்லாதவர்' என்ற கணக்கிலிருந்தே அவர் பெயர் நழுவிவிடும். இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் வேலையின்மை பற்றிய பெரும்பாலான பேச்சு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறது.

மரியந்தால் தெருவில் எடுத்த கணக்கு

இந்த வித்தியாசத்தை முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர்கள் ஆஸ்திரியர்கள். வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்றொரு ஆலைக் குடியிருப்பு. ஊரே ஒரு துணி ஆலையை நம்பிப் பிழைத்தது. 1929 ஜூலையில் நூற்புப் பிரிவை மூடினார்கள். 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. சமூக ஆய்வாளர்களான மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு 1931-32இல் அங்கே போய், ஊரின் 478 குடும்பங்களைப் பற்றியும் தகவல் திரட்டியது. வேலையின்மை என்றால் பட்டினி என்று மட்டும் நினைத்திருந்த காலத்தில், இவர்கள் நேரத்தை அளந்தார்கள்.

அளந்த விதம் எளிமையானது. கையில் கடிகாரத்தோடு ஒரு ஜன்னலோரம் நின்று, பிரதான வீதியில் நடந்து போகிறவர்களைக் கவனித்தார்கள். 68 ஆண்களில் 39 பேர் அந்த வீதியைக் கடப்பதற்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றார்கள். 32 பெண்களில் அப்படி நின்றவர்கள் 3 பேர். நடை வேகத்திலும் இதே கதை. பெண்களில் பாதிக்கு மேல் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். ஆண்களில் பாதிக்கு மேல் 3 கிலோமீட்டரில் ஊர்ந்தார்கள். அப்புறம் கைக்கடிகாரம்: 100 ஆண்களில் 88 பேர் கடிகாரம் கட்டியிருக்கவில்லை. கடிகாரம் பார்த்து ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லாதபோது அதை எதற்குக் கட்ட வேண்டும்?

80 பேரிடம் ஒரு நாளை மணி மணியாக எழுதி வாங்கினார்கள். 33 வயது ஆண் ஒருவரின் தாள் அதில் பிரசித்தம். காலையில் பையன்களை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறார், விறகும் தண்ணீரும் கொண்டுவருகிறார். என்ன சமைப்பது என்று மனைவி கேட்பாளே என்று வயல்பக்கம் போய்விடுகிறார். அடுத்த வரி: அதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. அதற்கடுத்த மணி வெறுமையாக இருக்கிறது. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது என்ற மூன்று ஆணிகளில்தான் அந்த ஆண்களின் நாள் தொங்கியது. படிப்பதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டதே என்று தோன்றும். தொழிலாளர் நூலகத்தில் சந்தாவையே ரத்து செய்தும், 1929இலிருந்து 1931க்குள் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. நேரம் கூடினால் படிப்பு கூடும் என்ற கணக்கு பொய்த்தது.

பெண்களும் அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள்தான். அவர்களுடைய நாள் உடையவில்லை. அடுப்பு, துவைப்பு, கிழிந்ததைத் தைப்பது, பிள்ளைகள் என்று நிரம்பியிருந்தது. இந்தப் பெண்கள் வருமானத்தை இழந்தவர்கள்தான், ஆனால் வேலையை இழந்தவர்கள் என்று கண்டிப்பான பொருளில் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதோடு நிறுத்திவிட்டு, 'பெண்களுக்கு வேலையின்மை அவ்வளவாக வலிக்காது' என்று முடிவுகட்டியவர்கள் பிற்காலத்தில் நிறையப் பேர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆலையும் வீடும் சேர்ந்தபோது சுமை அதிகமாக இருந்தது என்று ஒப்புக்கொண்ட பெண்களே, ஆலை திறந்தால் நாளைக்கே போவோம் என்றார்கள். பணத்துக்காக மட்டும் இல்லை, நாலு சுவருக்கு வெளியே ஆட்களோடு இருப்பதற்காகவும்தான். யஹோடா பல பத்தாண்டுகள் கழித்து இதையே விரித்து எழுதினார். வேலை கூலியைத் தருவதோடு, நேரத்துக்கு ஒரு சட்டத்தையும், வீட்டுக்கு வெளியே உறவையும், பலர் கூடிச் செய்யும் நோக்கத்தையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், கட்டாயமான இயக்கத்தையும் தருகிறது என்றார். இந்த ஐந்தில் முதலாவதையும் கடைசியையும் வீட்டு வேலை ஏதோ ஒரு விதத்தில் ஈடுகட்டிவிடும். நடுவில் உள்ள மூன்றையும் அது தராது. வேலை போன பெண்ணின் நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. அது வெளியே தெரியாது, ஏனென்றால் அவர் வேகமாக நடந்துகொண்டிருக்கிறார்.

அரைமணிக் கட்டத்துக்குள் நுழையாதவை

இந்தியாவில் நாளைக் கூறுபோட்டுக் கேட்கும் கணக்கெடுப்பு முன்னோட்டமாக 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. நாடு முழுவதுக்குமான முதல் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இலும், இரண்டாவது 2024இலும் நடந்தன. இரண்டாவதில் 1,39,487 வீடுகளில் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4,54,192 பேரின் ஒரு நாள் பதிவாகியது.

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து, நேற்று விடியற்காலை 4 மணி முதல் இன்று விடியற்காலை 4 மணி வரை கேட்பார். 48 அரைமணிக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் 10 நிமிடமாவது நீடித்த வேலைகளில் மூன்று வரை எழுதலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் எது முக்கியமானது என்று குறிக்க வேண்டும். பார்த்தால் நியாயமான முறைதான். இதில் ஒரே ஒரு கட்டத்தை, காலை 7 முதல் 7:30 வரை, பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

அடுப்பில் தோசைக்கல். பக்கத்து அடுப்பில் சட்னிக்குத் தாளிப்பு. இரண்டு தோசைக்கு நடுவில் பெரியவளுக்கு ரெட்டைச் சடை. மோட்டார் போட்டது நினைவு வந்து, தொட்டி வழிவதற்குள் அணைக்க ஓட்டம். மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை மாத்திரை. சின்னவனின் கணக்கு நோட்டைக் காணோம். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாயிற்று. வாசலில் கீரைக்காரி. டிபன் பாக்ஸ் மூடி ஒன்று மாறிப்போயிருக்கிறது. இதில் 10 நிமிடத்தைத் தாண்டியவை இரண்டுதான், சமையலும் பிள்ளையைக் கிளப்பியதும். தாளில் அந்த இரண்டும் ஏறும். மற்ற ஐந்தும் காற்றில் போகும். கூடத்தில் வேலையில்லாத கணவர் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அரைமணி, 'பொழுதுபோக்கும் ஊடகமும்' என்று ஒரே செயலாகச் சுத்தமாகப் பதிவாகும். பெண்ணின் நேரம் குறைத்து எழுதப்படுவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. துண்டு துண்டான வேலையைப் பிடிக்கிற அளவுக்கு வலையின் கண் சிறியதாக இல்லை.

அடுத்த சிக்கல் பிரிவுகளில். ஐ.நா.வின் வகைப்பாட்டைப் பின்பற்றி ஒன்பது பெரும் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் பிடித்து வந்தால் அது சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி, இரண்டாம் பிரிவு. சமைத்தால் ஊதியமில்லா வீட்டுச் சேவை, மூன்றாம் பிரிவு. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்தால் பராமரிப்பு, நான்காம் பிரிவு. செய்தித்தாள்களில் வருவது பெரும்பாலும் மூன்றாம் பிரிவின் எண் மட்டுமே. வீட்டுச் சுமை என்று பேச வேண்டுமானால் மூன்றையும் கூட்டியாக வேண்டும். முதல் பிரிவிலும் ஒரு பொறி இருக்கிறது. 'வேலையும் அது சார்ந்தவையும்' என்ற அந்தத் தலைப்புக்குள்தான் வேலை தேடுவதும் வருகிறது. ஆகவே நாளெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த வேலையில்லாத இளைஞர், அந்தத் தலைப்பில் 'பங்கேற்றவராக' எண்ணப்படுவார்.

சராசரிகளையும் கவனித்துப் படிக்க வேண்டும். 2019 கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுச் சேவையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டார்கள் என்று வந்தது. ஒன்றுக்கு மூன்று என்று தோன்றுகிறது அல்லவா? அந்த 97, அன்றைக்கு வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி. கைவைத்தவர்களோ 26.1 சதவீதம்தான். பெண்களில் 81.2 சதவீதம். எல்லோரையும் சேர்த்து வகுத்தால் பெண்ணுக்கு 243 நிமிடம், ஆணுக்கு 25 நிமிடம். ஒன்றுக்குப் பத்து. இரண்டு எண்களும் சரியானவையே, கேள்விதான் வேறு. 2024இல் ஈடுபட்டவர்களின் சராசரி 289, 88 என்று இரண்டு பக்கமும் சற்றுக் குறைந்தது. பராமரிப்பில் 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் நாளுக்கு 140 நிமிடமும், ஆண்களில் 21.4 சதவீதம் பேர் 74 நிமிடமும் செலவிட்டதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. வீட்டு வேலை எண்களில் பள்ளிச் சிறுமிகளும் வேலைக்குப் போகிறவர்களும் அடக்கம். வேலை போய் வீட்டில் இருக்கும் பெண்ணின் நாள் இந்தச் சராசரிக்கு மேலேதான் இருக்கும்.

81ஆ, 92ஆ?

இப்போது மிக முக்கியமான இடம். யார் வேலையில்லாதவர் என்பதைக் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு முடிவு செய்கிறது. வாரக் கணக்கில், முந்தைய 7 நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். செய்யாமல், வேலை தேடினார் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தார் என்றால் வேலையில்லாதவர். இரண்டும் இல்லையென்றால் அவர் தொழிலாளர் படையிலேயே இல்லை. வழக்கமான நிலையை, அதாவது கடந்த ஓராண்டில் பெரும்பாலும் இருந்த நிலையைக் குறிக்கும் எண்களில் 81 என்றால் வேலையில்லாதவர். 92 என்றால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, தீவனம் பொறுக்குவது, வீட்டுக்காகத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர்.

வாசற்படியில் நடப்பது இப்படித்தான்:

"வேலை எதும் தேடறீங்களாம்மா?"

"இல்ல சார், வீட்டத்தான் பாத்துக்கறேன்."

92 விழுந்துவிட்டது. பொறுமையான கணக்கெடுப்பாளர் இன்னொரு கேள்வி கேட்பார்: "கெடச்சா போவீங்களா?" "பக்கத்துல இருந்து, பிள்ளைங்க ஸ்கூல் விடறதுக்குள்ள வந்துடற மாதிரின்னா போவேன் சார்." இந்த ஒரு பதிலில் அவர் 81க்கு மாறக் கூடியவர். சில வீடுகளில் கேள்வி அவரிடம் போவதே இல்லை. கணவரோ மாமனாரோ திண்ணையிலிருந்து "அவ வீட்டோடதான் இருக்கா" என்று முடித்துவிடுவார்கள். அதே வீட்டில் வேலையில்லாத மகனைப் பற்றிக் கேட்டால், அவர் ஆறு மாதமாக ஒரு விண்ணப்பமும் போடாவிட்டாலும், "வேலை தேடிக்கிட்டிருக்கான்" என்பதுதான் பதில். ஒரே மாதிரி வீட்டில் இருக்கிற இருவர்; ஒருவர் 81, மற்றவர் 92.

பெண்களின் வேலையின்மை விகிதம் குறைந்திருக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். வேலை கிடைத்தும் குறையலாம், தேடுவதை விட்டதாலும் குறையலாம். விகிதத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2011-12இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68ஆவது சுற்றில், வீட்டு வேலை பார்ப்பதாகப் பதிவான பெண்களிடம் கூடுதலாக ஒரு கேள்வி வைத்தார்கள்: வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தால் ஏற்பீர்களா? கிராமப்புறத்தில் 34 சதவீதம் பேரும் நகர்ப்புறத்தில் 28 சதவீதம் பேரும் ஏற்போம் என்றார்கள். தையல் வேலையை அதிகம் பேர் கேட்டார்கள். மூன்றில் ஒருவர் வேலை வேண்டும் என்கிறார். ஆனால் எந்த வேலையின்மைக் கணக்கிலும் அவர் இல்லை.

நேரம் இருக்கிற ஆண் ஏன் கைகொடுப்பதில்லை?

வீட்டில் ஒருவருக்கு நேரம் மீந்து கிடந்தால் வேலை அவர் பக்கம் நகரும் என்பது சாதாரண அறிவு. அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட், லூகாஸ் கரபார்பூனிஸ் மூவரும் 2008 மந்தநிலையை ஒட்டிய தரவை வைத்து, இழந்த வேலை நேரம் எங்கே போனது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி ஓய்வுக்குப் போயிருந்தது. அதில் பெரும்பங்கு தூக்கமும் தொலைக்காட்சியும். 30 சதவீதம் சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலைக்குப் போயிருந்தது. ஆக, அங்கே கொஞ்சம் நகரத்தான் செய்கிறது.

இங்கே 2020 ஏப்ரல் ஒரு சோதனை மாதமாக அமைந்தது. ஊரடங்கில் ஆண்கள் அத்தனை பேரும் வீட்டில். வீட்டு உதவியாளர் வரவில்லை. டீக்கடை திறக்கவில்லை. பொருளாதார ஆய்வாளர் அஷ்வினி தேஷ்பாண்டே குடும்பக் கணக்கெடுப்புத் தரவை ஆராய்ந்தபோது, அந்த மாதம் ஆண்களின் வீட்டு வேலை நேரம் கூடியிருந்தது. ஆகஸ்டுக்குள் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கரைந்தது, பழைய அளவுக்கே முழுவதும் திரும்பவில்லை என்றாலும். அந்த மாதம் ஆண்களுக்கு வெளியே போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் இன்னும் பிடிபடும். கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் வாங்குவது, பிள்ளையை வண்டியில் பள்ளியில் விடுவது, பைப் வாஷர் மாற்றுவது, காய்கறி வாங்கி வருவது. இவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பெரும்பாலானவற்றை நாளைக்குத் தள்ளலாம். வெளியே செய்வதால் நாலு பேர் பார்ப்பார்கள், முடித்தால் முடித்ததுதான். பெண்ணிடம் மிஞ்சுவது தள்ளிப்போட முடியாதவை: மூன்று வேளைச் சமையல், பாத்திரம், குழந்தையின் மலம் கழுவுவது, படுக்கையில் இருக்கும் பெரியவர். இவை கடிகாரத்தோடு கட்டப்பட்டவை. மறுநாள் காலையில் அப்படியே திரும்பி வந்து நிற்கும். எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரம் எப்போது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே இருவரின் நாளையும் பிரிக்கிறது.

ஆண் வெளியே போவதையும் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பகலில் வீட்டில் இருக்கும் ஆணைத் தெரு ஒரு மாதிரி பார்க்கும். "இன்னிக்கு லீவா?" என்று முதல் வாரம் கேட்பவர், மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்திவிடுவார், அது இன்னும் மோசம். அதனால் ஒன்பதரைக்குச் சட்டை மாற்றிக் கிளம்பி, பேருந்து நிலையம், நண்பரின் கடை, நூலகம், டீக்கடை என்று சுற்றி, ஆறு மணிக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. வேலை இல்லை, வேலைக்குப் போகும் வடிவம் மட்டும் இருக்கிறது. அதுவும் தளர்ந்தால் இரவு ஒரு மணி வரை கைப்பேசி, காலை பத்து மணிக்கு விழிப்பு என்று நாளே புரண்டுபோகும். நாள் புரண்ட பிறகு காலை பத்து மணி நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்பது உடம்பளவிலேயே கஷ்டம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையாகத் தெரியும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே காலையில் இடம் பிடித்துவிட்டால் ஒருவருக்கு நாளின் வடிவம் கிடைத்துவிடும். கல்யாணமாகாத பெண்களும் அங்கே கணிசமாக வருகிறார்கள். இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்ற எல்லையோடு. கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிற பெண் அதே பாடத்தை வீட்டில் படிக்கிறார். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படிப்பதும் படிப்புதான். ஆனால் ஒரு மாதிரித் தேர்வை மூன்று மணி நேரம் இடைவெளியின்றி எழுதிப் பழக முடியாது.

பணம் குறைந்தால் வேலை கூடும்

வருமானம் நின்ற வீட்டில் முதலில் நிற்பது காசு கொடுத்து வாங்கிய நேரம். மாவு பாக்கெட் நின்று கிரைண்டர் ஓடத் தொடங்கும். ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இரண்டு முறை. அயர்ன் கடைக்குப் போன துணி வீட்டில் தேய்க்கப்படும். டியூஷன் நின்று பாடம் சொல்லித் தரும் வேலை வீட்டுக்கு வரும். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவை நிறுத்தினால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடும். ஷேர் ஆட்டோ நின்று நடை வரும். பொருளாதார மொழியில் இது பணத்துக்குப் பதில் நேரத்தைச் செலுத்துவது. வேலை போனது கணவருக்கு என்றாலும் அந்த நேரம் பெரும்பாலும் மனைவியின் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது. அவரும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் தூக்கத்திலிருந்து எடுக்கப்படும்.

தமிழ்நாட்டில் சில திட்டங்கள் இந்த இடத்தைத் தொடுகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023இல் விரிவாக்கப்பட்ட பள்ளிக் காலை உணவு, மேலே பார்த்த 7 மணிக் கட்டத்திலிருந்து தோசைக்கல்லை எடுக்கக் கூடியது. அது பசிக்கான திட்டம் என்று மட்டும் பேசப்படுகிறது. தாயின் நேரத்துக்கான திட்டமாகவும் அதை அளக்க வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போவதற்கு வீட்டில் காசு கேட்க வேண்டிய அவசியம் அதனால் குறைந்தது. 2023 செப்டம்பர் 15 முதல் தரப்படும் மாதம் 1,000 ரூபாய்க்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது சரியான சொல்தேர்வு. ஆனால் நாளுக்கு 243 நிமிடம் என்ற கணக்கில் மாதத்துக்கு ஏறத்தாழ 120 மணி நேரம். வகுத்தால் மணிக்கு எட்டு ரூபாய் சொச்சம். அது கூலி இல்லை என்பது தெரிந்ததே. அளவு புரிவதற்காகச் சொல்கிறோம்.

வேலை தேடுவது எவ்வளவு நேரம்?

வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பொருளாதார ஆய்வாளர்கள் ஆலன் க்ரூகரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும் அமெரிக்கத் தரவை ஆராய்ந்தபோது, வேலையில்லாதவர் ஒரு வார நாளில் வேலை தேடச் செலவிடுவது சராசரியாக 41 நிமிடம் என்று வந்தது. நாளெல்லாம் தேடினாலும் தினமும் புதிதாக விண்ணப்பிக்க அத்தனை இடங்கள் இருப்பதில்லை. ஆக, வேலை தேட நாள் முழுக்கத் தேவையில்லை. அறுபது நிமிடம் போதும். அது யாரும் இடையில் கூப்பிடாத அறுபது நிமிடமாக இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்குகிறது. இணைய விண்ணப்பத்தில் புகைப்படமும் கையெழுத்தும் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். சான்றிதழ் எண்கள் கையில் இருக்க வேண்டும். ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும். பதிவு செய்த எண் கணவருடையது என்றால், அவர் வெளியே இருக்கும்போது ஓடிபியும் வெளியே இருக்கும். நடுவில் எழுந்து பால் பொங்குவதை அணைத்துவிட்டு வந்தால், பக்கம் காலாவதியாகி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நாலு முறை இப்படி ஆனால் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுவது மனித இயல்பு. நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும் நேரமோ காலை 10 முதல் 1 மணி வரை. பின்னணியில் குழந்தை அழும்.

ஆணுக்குச் சிக்கல் நேர் எதிர். அறுபது நிமிடம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பதாலேயே எப்போதும் தொடங்காமல் போகும். காலை பத்தரைக்கு என்று ஒரு நேரத்தை நிர்ணயித்து, அதற்குமுன் குளித்துச் சாப்பிட்டு, ஓர் இடத்தில் உட்காருவது அவருக்கு உதவும். பெண்ணுக்கு இதே அறிவுரை உதவாது. அவருடைய பத்தரை மணி அவருடையது இல்லை. அவருக்குத் தேவை, அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொருவர் வீட்டைக் கையில் எடுப்பது.

வீட்டிலேயே ஒரு வாரம் எழுதிப் பார்க்க

கணவன் மனைவி இருவரில் ஒருவரோ இருவருமோ வேலையில்லாமல் இருக்கும் வீட்டில் இதை எழுதிப் பார்ப்பது பெரிய காரியம் இல்லை. ஆளுக்கு ஒரு நீள நோட்டு, பக்கத்துக்கு 48 வரி, விடியற்காலை 4 மணியில் தொடக்கம். கட்டாயம் தனித்தனி நோட்டு. ஒருவருக்காக மற்றவர் எழுதினால் வேலைக்கு ஆகாது. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் சின்ன வேலைகள் மறந்துபோகும். காலை 9, மத்தியானம் 2, மாலை 6, படுக்குமுன் என நாலு தடவை எழுத வேண்டும். முக்கியமாகச் செய்ததை ஒரு பத்தியிலும் கூடவே நடந்ததை இன்னொரு பத்தியிலும் எழுதலாம். டிவி பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தால் இரண்டும் வர வேண்டும். மூன்றாவதாக ஒரு சின்னப் பத்தி: அந்த அரைமணியில் எத்தனை முறை யாராவது கூப்பிட்டு எழ வேண்டியிருந்தது என்பதற்கு ஒவ்வொரு கோடு. 10 நிமிடம் இருந்தால்தான் எழுத வேண்டும் என்ற விதி இங்கே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையை விடக் கூடாது. வேலையில்லாத ஆணின் நோட்டில் ஞாயிறும் புதனும் ஒன்றுபோல இருக்கும். பெண்ணின் நோட்டில் ஞாயிறு கறிக்குழம்பு, வாரத் துணி, எல்லோரும் வீட்டில் என்று மற்ற நாட்களைவிட நிரம்பியிருக்கும்.

வாரம் முடிந்ததும் மொத்த மணி நேரத்தைக் கூட்டுவதற்கு முன், இருவர் நோட்டிலும் கோடு விழாமல் தொடர்ந்து போன மிக நீண்ட பொழுது எது என்று தேட வேண்டும். ஆணின் நோட்டில் மூன்று, நாலு மணி நேரம் சாதாரணமாகக் கிடைக்கும். பெண்ணின் நோட்டில், தூக்கத்தைத் தவிர்த்துப் பார்த்தால், மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அரைமணியோ முக்கால் மணியோ அகப்படலாம். சில வீடுகளில் அதுவும் இருக்காது.

அதன்பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி "வேலை தேடறீங்களா?" என்பது இல்லை. "எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் உங்களால வெளிய போக முடியும்?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "பத்து மணிக்கு மேல, மூணு மணிக்குள்ள."